மேல்மாடியின் கை

“கை” என்றான் கணவன், அடுப்பைப் பார்த்தபடியே.

கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தவளின் இடது கை அதற்குள் தாடை வரை ஏறியிருந்தது. அங்கேயே நின்றது. பிறகு வந்த வழியே இறங்கி மடிக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் எப்படிப் பார்த்தான் என்று அவளுக்குப் புரியவில்லை. அவனுடைய முதுகுதான் அவள் பக்கம் இருந்தது. சிறிது நேரத்தில் வலது கைக்கு ஆசை வந்தது. “அந்தக் கையும்தான்” என்றான்.

கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய நாளிலிருந்து இப்படித்தான். கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவன் சற்று விரித்துப் பொருள் கொண்டான். கண் முகத்தில் இருக்கிறது, ஆகவே கை முகத்துக்குப் போகக் கூடாது. முகத்துக்குப் போகும் வழி கழுத்து, ஆகவே கழுத்தைத் தாண்டக் கூடாது. அவன் மாணவர் விடுதி ஒன்றில் சமையல்காரன். நூற்றுக்கணக்கான பேருக்குப் பொங்குகிற இடத்தில் முதுகிலும் ஒரு கண் வேண்டும். இல்லாவிட்டால் உதவியாள் இரண்டாம் தடவை உப்பைப் போட்டுவிடுவான். அந்தப் பழக்கம் இப்போது வீட்டில் பயன்பட்டது. சொட்டு மருந்துக்கு முட்டை அவிக்கிற டைமரை வைத்திருந்தான். அது அலறினால் அவள் அண்ணாந்துகொள்ள வேண்டும். வெங்காயம் உரித்த சட்டையைப் பின்வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான். அன்பு என்று இதை இருவரும் சொல்லிக்கொண்டதில்லை. மருந்து வேளை என்றார்கள்.

பெரிய மோட்டார்களையும் பம்புகளையும் பழுது பார்க்கும் பணிமனையில் அவள் கிரேன் ஓட்டுகிறாள். சாலையில் போகிற கிரேன் இல்லை. கூரைக்குக் கீழே இரண்டு தண்டவாளங்களின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறது அது. அதன் வயிற்றில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுதான் அவளுடைய அலுவலகம். இரும்பு ஏணியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் சாப்பாட்டு வேளை வரை இறங்க மாட்டாள். அதனால் கீழே இருப்பவர்கள் அவளுக்கு மேல்மாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். “என்ன, மேல்மாடில ஏதாவது இருக்கா?” என்று அண்ணாந்து கேட்டுச் சிரிப்பார்கள். “இருக்கு. உங்க தலைக்கு மேல பத்து டன் இருக்கு. ஓரமா நில்லுங்க” என்பாள். சிரிப்பு நின்றுவிடும், நகர்ந்துவிடுவார்கள்.

கெட்டிக்காரி என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. அந்தத் தொழிலில் அப்படி ஒரு சொல் கிடையாது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் நல்ல வேலை. ஏதாவது நடந்துவிட்டால்தான் பெயர் ஊரெல்லாம் தெரியும். அவள் பெயர் பலருக்குத் தெரியாது.

கீழே நின்று அவளுக்குக் கைச்சாடை காட்டுகிறவரை டிராஃபிக் என்று கூப்பிடுவார்கள். சிவப்புக் கையுறை போட்டுக்கொண்டு, நடுவில் நின்று, போலீஸ்காரர் மாதிரி இரண்டு கையையும் ஆட்டுவார். அவளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் தலைக்கு மேலே இருக்கிறவளை அக்கா என்றுதான் அழைக்க முடியும் என்பது அவருடைய கொள்கை. அவளும் அவரை அண்ணே என்கிறாள். ஒருவருக்கொருவர் மூத்தவர்களாக, எத்தனையோ வருடங்கள் ஒரு சச்சரவும் இல்லாமல் ஓடிவிட்டன.

பாரம் கட்டி முடிந்ததும் டிராஃபிக் உள்ளங்கையை விரித்து உயர்த்துவார்: தயார். மேலே இருப்பவள் பார்த்துவிட்டேன் என்று பதில் தர வேண்டும். அதன் பிறகுதான் அவர் ஒரு விரலைத் தூக்குவார், பாரம் எழும்பும். பதில் தருவதற்காகக் கூண்டில் ஒரு மணி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் ஓசையும் சாப்பாட்டு மணியின் ஓசையும் ஒன்று. அதை அடித்த முதல் நாளே பணிமனை முழுவதும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டது. அதற்கப்புறம் யாரும் அதை அடிக்கவில்லை. மணி இல்லாமலே வேலை நடந்தது. எப்படி நடந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. நடக்கிற வேலையைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

மூக்குக் கண்ணாடிதான் தொல்லை கொடுத்தது. கிரேன்காரிக்கு வேலை காலுக்குக் கீழே. கூண்டின் தரையும் கண்ணாடிதான். முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குனிந்தால் மூக்குக் கண்ணாடி சரியும். போதாதற்கு, மோட்டார் கழுவும் வெந்நீர்த் தொட்டிக்கு மேலே போனால் ஆவி படிந்து இரண்டு கண்ணுக்கும் திரை போட்டுவிடும். ஒரு நாள் பாரம் அந்தரத்தில் இருக்கும்போது கண்ணாடி மூக்கை விட்டு நழுவிக் கூண்டின் தரையில் விழுந்தது. அவள் இரண்டு கைகளையும் நெம்புகோல்களிலிருந்து எடுத்துவிட்டு, கீழே ஓடிவந்த கலங்கலான சிவப்பு ஒன்று டிராஃபிக்தான் என்று நம்பி, அசையாமல் இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர் இன்ஜினியர்.

கண்ணாடிக்குப் பின்னால் கயிறு கட்டிப் பார்த்தாள். சரிவது நின்றது, ஆவி நிற்கவில்லை. லென்ஸ் போட்டுப் பார்த்தாள். இரும்புத் தூசி விடவில்லை. கடைசியில் லேசர் என்று முடிவாயிற்று. விடுப்பு கொடுத்தார்கள். திரும்பும்போது கண் தேறியிருக்க வேண்டும். இன்ஜினியர் முன்னால் ஒரு பாரத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கூண்டு மாற்று ஆளுக்கு, அவளுக்கு ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் பிரித்து வைக்கிற வேலை. சம்பளம் குறையாது என்றார் இன்ஜினியர். அவள் வேறொன்று கேட்டாள். “ஸ்டோர்ல ஜன்னல் இருக்குங்களா?” இல்லை.

கருவிழிக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. கார்னியா என்கிறார்கள். அதில் ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் நாம் பார்ப்பதெல்லாம் சிவப்பாகக் கோடு போட்டிருக்கும். தனக்கு வேண்டிய பிராணவாயுவில் பெரும்பகுதியை அது நேராகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உடம்பில் இவ்வளவு வேலை செய்துகொண்டு, இருப்பதே தெரியாமல் இருக்கும் பொருள் வேறு உண்டா என்பது சந்தேகம். எதன் வழியாகப் பார்க்கிறோமோ அதை நாம் பார்ப்பதில்லை. அதில் ஏதாவது கோளாறு வந்தால்தான் தெரிகிறது.

அவளுடைய படலம் கொஞ்சம் மெல்லியது. அதனால் மூடி போல வெட்டித் திறக்கிற முறை வேண்டாம், மேல்தோலை வழித்துவிட்டு லேசர் வைக்கலாம் என்றார் டாக்டர். அவர் குறைவாகப் பேசுகிற பெண்மணி. தோல் மறுபடி வளருமா என்று கணவன் கேட்டான். ஓரத்திலிருந்து செல்கள் நடுவை நோக்கி நகர்ந்து வந்து மூடிக்கொள்ளும், அதுவரை கட்டுக்குப் பதிலாக ஒரு லென்ஸ் இருக்கும் என்றார் டாக்டர். கணவனுக்கு அது போதும். மேல்மாடிக்குப் போதவில்லை.

“நாலு பக்கத்துல இருந்தும் வருதுங்களா?”

“ஆமா.”

“எங்க நிக்கணும்னு யாரு சிக்னல் குடுக்கறாங்க?”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு முதல் தடவையாக அவளை நன்றாகப் பார்த்தார். “யாரும் குடுக்கறதில்லைம்மா. எதிர்ல வர்றது மேல இடிச்சா தானா நின்னுடும்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அது சரியாகப் படவில்லை. இடித்த பிறகு நிற்பதற்கு அவள் பணிமனையில் வேறு பெயர்.

முதல் சில நாட்கள் கண்ணுக்குள் மணல் மூட்டையைக் கொட்டியது போல இருந்தது. வெளிச்சம் குத்தியது. அழாமலே கண்ணீர் வழிந்தது. அழுவதாக நினைத்துப் பக்கத்து வீட்டம்மா கணவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். பிறகு வலி குறைந்தது. டாக்டர் லென்ஸை எடுத்தார். எல்லாம் பளிச்சென்று தெரியப்போகிறது என்று கணவன் டாக்டரைவிட ஆவலாக எட்டிப் பார்த்தான். அவளுக்கு மூக்குக் கண்ணாடி காலத்தைவிட மோசமாகத் தெரிந்தது. டாக்டர் இரண்டு டாக்டர்களாக இருந்தார்.

அது சரிதான் என்றார் அவர். நாலு பக்கத்திலிருந்தும் வந்த தோல் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கிறது. முட்டிய இடத்தில் தையல் போட்டது போல ஒரு மேடு. அந்த மேடு சரியாகப் பார்வைக்கு நேரே. நாளாக நாளாகத் தேய்ந்து சமமாகிவிடும். வழித்ததில் அறுபட்ட நரம்புகள் முளைக்க மாதங்களாகும்; அதுவரை கண் உலரும், சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. “இன்னிக்கு நல்லா தெரியும், நாளைக்கு மங்கும். பயந்துக்காதீங்க. கசக்காதீங்க.”

“பாத்துக்கறேன்” என்றான் கணவன். அவன் சொன்னது இரண்டாவதைப் பற்றி.

எதிர் வீட்டு மாடியில் ‘வாடகைக்கு’ என்று ஒரு பலகை தொங்கியது. கீழே தொலைபேசி எண். மேல்மாடி காலையில் எழுந்ததும் ஜன்னலருகே போய் அந்த எண்ணைப் படிப்பதை வழக்கமாக்கிக்கொண்டாள். முதலில் அது ஒரு சாம்பல் பட்டை. பிறகு எண்கள் என்று தெரிந்தது. பிறகு முன்னால் இருக்கிற சில எண்கள் பிரிந்து நின்றன. கடைசி எண் மட்டும் ஒரு நாள் மூன்று, ஒரு நாள் எட்டு. மூன்றாக இருந்த நாட்களில் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். எட்டாக இருந்த நாட்களில் ஸ்டோரைப் பற்றிப் பேசினாள்.

ஒரு நாள் காலையில் பலகையே தெரியவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “என்னங்க, கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்ட குரலைக் கேட்டுக் கணவன் கரண்டியோடு ஓடிவந்தான்.

“போர்டு தெரியலங்க.”

அவன் எட்டிப் பார்த்தான். “போர்டே இல்லம்மா. நேத்து சாயங்காலம் ஆள் வந்துட்டாங்க.”

கடைசி எண் மூன்றா எட்டா என்பது அவளுக்கு இன்று வரை தெரியாது.

விடுப்பு முடிவதற்குள் கண் தேறிவிட்டது. பணிமனையின் மருத்துவ அறையில் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் படித்தாள். அதற்கும் கீழே, பலகையை அச்சடித்த அச்சகத்தின் விலாசத்தையும் படித்தாள். அது தேவையில்லை என்றார் நர்ஸ். மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி அழுத்தி அழுத்தி விழுந்திருந்த பள்ளங்கள்கூட மேவிப் போயிருந்தன. கையும் பழகிவிட்டிருந்தது. கணவன் ‘கை’ என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. கழுத்துக்கு மேலே போவது அதற்கு மறந்தே போயிற்று. மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

சோதனைக்கு ஒரு பெரிய மோட்டாரைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். இன்ஜினியர் அட்டையும் பேனாவுமாக நின்றார். மேல்மாடி ஏணியேறிக் கதவைச் சாத்தினாள். குனிந்தாள். அடேயப்பா என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் தனித்தனியாகத் தெரிந்தது. டிராஃபிக் உள்ளங்கையை உயர்த்தினார். அவள் பார்த்தாள். அவர் விரலைத் தூக்குவதற்காகக் காத்திருந்தாள்.

அவர் தூக்கவில்லை.

உள்ளங்கை அப்படியே நின்றது. அவள் மேலேயிருந்து பார்த்தாள், அவர் கீழேயிருந்து பார்த்தார். இருவரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். மோட்டார் இருந்த இடத்திலேயே இருந்தது. வேலையை விட்டுவிட்டு ஒவ்வொருவராக வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். இன்ஜினியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “என்னம்மா, கீழ ஆள் நிக்கறது தெரியலையா?” என்றார். தெரிகிறது, அவர் முகத்தில் சவரம் விட்டுப்போன இடம்கூடத் தெரிகிறது என்று அவள் கதவைத் திறந்து சொன்னாள். கூட்டம் சிரித்தது. இன்ஜினியர் சிரிக்கவில்லை. மறு சோதனை என்று எழுதிக்கொண்டார். அதுவும் இப்படியே ஆனால் ஸ்டோர்தான் என்றார்.

டிராஃபிக்கைக் கேட்டால் அவருக்கே தெரியவில்லை. “விரல் எழும்பலக்கா. எழும்பினாத்தானே தூக்குவேன்?” என்றார். இத்தனை வருடத்தில் தன் விரல் தன் பேச்சைக் கேட்காதது இதுதான் முதல் தடவை என்று வருத்தப்பட்டார். மருத்துவ அறையில் மறுபடியும் பலகையைக் காட்டினார்கள். அவள் மறுபடியும் அச்சகத்தின் விலாசம் வரை படித்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாமல் ஒருவரை ஸ்டோருக்கு அனுப்ப வேண்டியிருப்பது நர்ஸுக்கே சங்கடமாக இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கேன்டீன் பெஞ்சில் மாற்று ஆள் ஒரு பேச்சை எடுத்தான். அக்கா கூண்டுக்குள்ளே எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று தான் பார்த்ததே இல்லை என்றான். டிராஃபிக்குக்கு ஒருவரைப் போல நடித்துக் காட்டுவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். அவள் எதிரிலேயே பெஞ்சில் கால்களை அகட்டி உட்கார்ந்துகொண்டார். இரண்டு கைகளிலும் இல்லாத நெம்புகோல்களைப் பிடித்தார். தாடையை நெஞ்சில் புதைத்து, முழங்கால்களுக்கு நடுவே எதையோ தொலைத்தவர் மாதிரி முறைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தலையை நிமிர்த்தி, இடது மணிக்கட்டின் பின்பக்கத்தால் மூக்கின் மேல் இல்லாத கண்ணாடியை ஒரு தள்ளு தள்ளினார்.

தள்ளிய கை அங்கேயே நின்றது. மறு கையின் விரல் தானாக மேலே எழுந்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்கா” என்றார் மெதுவாக. “இதான். இத பாத்துட்டுத்தான் நான் விரல தூக்குவேன்.”

“எத?”

“கண்ணாடிய தூக்கி விடுவீங்கள்ல.”

“நான் அப்படியெல்லாம் செஞ்சதே இல்ல.”

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். ஒவ்வொருவரும் மணிக்கட்டை மூக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். மேல்மாடி சுற்றிலும் பார்த்தாள். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று ஊருக்கே தெரிந்திருக்கிறது என்று அறிவது அவ்வளவு சுகமான காரியம் இல்லை. அதைவிட இன்னொன்று அவளுக்கு உறைத்தது.

“அப்ப இத்தனை வருஷமும் நீங்க பாரத்த பாக்கல. என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்களாண்ணே?”

“சேச்சே, மூஞ்சி இல்லக்கா” என்றார் டிராஃபிக். “மூக்கு.”

மாலையில் கணவனிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே கத்தரிக்கோலால் புதுச் சொட்டு மருந்தின் மூக்கை வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டி முடித்து, மூடி, மேசையில் வைத்தான். “நான்தான் கை, கைன்னு சொல்லிக் கெடுத்துட்டேன்” என்றான். அப்படியெல்லாம் இல்லை என்று அவள் சொல்லவில்லை. மணியை அடித்தால் என்ன என்று கேட்டான். இருநூறு பேர் கை கழுவப் போவார்கள் என்றாள். கண்ணாடி இல்லாத வெறும் ஃப்ரேமை மாட்டிக்கொண்டு போனால் என்ன என்றான். அவள் அவனைப் பார்த்தாள். நல்ல கண்ணால் பார்த்ததால் அந்தப் பார்வை அவனுக்கு உடனே போய்ச் சேர்ந்தது.

“சரி, மூக்குதானே? மூக்க தொடலாம். டாக்டர் கண்ணத்தான் சொன்னாங்க. எங்க, ஒரு தடவ தூக்கு.”

அவள் தூக்கினாள். கை கழுத்து வரை வந்து நின்றது. உள்ளே யாரோ பிடித்து நிறுத்தியது போல. அவள் கையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“தூக்கும்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

மறுபடி தூக்கினாள். கழுத்தைத் தாண்டியது. தாடைக்கு வந்தது.

“கை” என்றான் கணவன்.

இருவரும் திடுக்கிட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனவன் அன்றைக்கு வெளியே வரவே இல்லை. மேல்மாடி நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, கழுத்துக்கும் தாடைக்கும் நடுவில் கையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். மூக்குக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறு சோதனைக்கு அதே மோட்டார், அதே சங்கிலி, அதே அட்டை. கூட்டம் மட்டும் கொஞ்சம் பெரிது. டிராஃபிக் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். மாற்று ஆள் ஏணியின் அடியில் நின்றுகொண்டிருந்தான். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. மேல்மாடி ஏறினாள். இருக்கையைத் துடைத்தாள். நெம்புகோல்களைப் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவே குனிந்தாள்.

இவ்வளவு வருடங்களாக அந்தச் சிவப்புக் கையுறையை அவள் பார்த்திருக்கிறாள். அதன் கட்டைவிரலில் கறுப்பு நூலால் யாரோ தைத்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. நல்ல தையல் இல்லை. அவரே தைத்திருப்பார். உள்ளங்கை விரிந்து மேலே வந்தது. அவருடைய கண்கள் மோட்டாரையும் பார்க்கவில்லை, சங்கிலியையும் பார்க்கவில்லை.

இன்ஜினியர் பேனா மூடியைத் திறந்தார்.

அவளுடைய இடது கை நெம்புகோலை விட்டு எழுந்தது. கழுத்தருகே வந்ததும் நின்றது. பிறகு அந்த எல்லையைத் தாண்டி, தாடையைத் தாண்டி, வெறும் மூக்கின் மேல் மணிக்கட்டின் பின்பக்கத்தை வைத்து, அங்கே இல்லாத ஒன்றை ஒரு தள்ளு தள்ளிவிட்டு இறங்கியது.

கீழே, சிவப்பு விரல் உயர்ந்தது.